அறியாமல் உண்ட கோதுமை

சீலியாக் நோயுற்றவர்கள் கோதுமையையும் பார்லியையும் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தையும் ஆயுள் முழுவதும் விலக்கி வாழ வேண்டும் என்பதையும், அவ்வாறு விலக்கியவர்களின் சிறுகுடல் மெல்ல மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பத்தியத்தின் விதி அவ்வளவு சுருக்கமானது. அதை அறிந்தே மீறுகிறவர்களைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அவர்களுடைய வைத்தியரும் வீட்டாரும் வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்லிவிடுகிறார்கள். நாவை அடக்கி, பொட்டலங்களின் மேலுள்ள பொடி எழுத்துக்களையெல்லாம் கண் நோகப் படித்து, கல்யாண வீடுகளில் பாதிப் பசியோடு இலையை மடித்து, இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் தமக்குத் தெரியாமலேயே கோதுமையை உண்டுவிடுகிறவரைப் பற்றியதே இந்த அத்தியாயம். உண்மையாகவே உண்டேனா, எவ்வளவு உண்டேன், இனி என்ன ஆகும் என்று அவர் கேட்கிறார். இக்கேள்விகளுள் முதலாவதே மிகக் கடினமானது. அதற்கு விடை சொல்லச் சரீரத்தையே சாட்சியாக அழைப்பது மனித சுபாவம். இந்த வழக்கில் அச்சாட்சி நம்பத் தகுந்ததன்று.

ஆகாத பொருள் வயிற்றுக்குள் போனால் வயிறு அதை உடனே தெரிவித்துவிடும் என்பது நம் பொதுவான அனுபவம். கெட்டுப்போன மீனை உண்டவனுக்கு வேறு பரிசோதனை எதுவும் தேவையில்லை. சீலியாக் நோயில் இந்த அனுபவம் கைகொடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரு விள்ளல் ரொட்டி உள்ளே போன இரண்டு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் கண்டு, இரண்டு மூன்று நாள் எழுந்து நடமாட முடியாமல் போகிறது. வேறொருவர் பல ஆண்டுகள் தினந்தோறும் சப்பாத்தி தின்றும் வயிற்றில் எவ்வித உபாதையையும் உணராமல், ஓயாத இரத்தசோகைக்காகவோ எலும்பு தேய்ந்ததற்காகவோ வைத்தியரிடம் போய், அங்கே தற்செயலாகத் தம் நோயை அறிந்துகொள்கிறார். இவ்விருவரின் குடலிலிருந்தும் ஒரு துணுக்கு எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், யாருடையது அதிகம் சிதைந்திருக்கும் என்பதை அவர்கள் பட்ட துன்பத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது. துன்பம் ஒரு கணக்கு, சிதைவு வேறொரு கணக்கு. இந்த நோயின் சரித்திரத்தையே நம்பத்தக்க சாட்சி ஒன்றைத் தேடிய சரித்திரம் என்று சொன்னால் மிகையாகாது என்பது என் அபிப்பிராயம்.

1887ஆம் ஆண்டில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஸாமுவேல் கீ என்ற வைத்தியர் இந்நோயைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அது மறு ஆண்டு அச்சில் வந்தது. இந்நோய் குணமாவதானால் ஆகாரத்தாலேயே குணமாக வேண்டும் என்று அவர் தெளிவாகக் கூறினார். எந்த ஆகாரம் பகை என்பது மட்டும் அவருக்கு அகப்படவில்லை. ஒரு குழந்தைக்கு ஹாலந்து தேசத்துச் சிப்பிகளை நாள்தோறும் கொடுத்து வந்ததில் அது வியக்கத்தக்க வகையில் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும், அடுத்த பருவத்தில் சிப்பியைத் தொடவே அது மறுத்துவிட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சிப்பியால் வயிறு நிரம்பிய குழந்தை ரொட்டியைக் குறைத்துத் தின்றிருக்கும் என்பதே இன்று நமக்குத் தோன்றும் சமாதானம். ஆனால் மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொன்ன அதே கீ, மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியைத் தம் நோயாளிகளுக்கு அனுமதித்தார். ஆகவே அறியாமல் கோதுமை உண்டவர்களின் வரிசையில் முதலில் நிற்பவர்கள், சிறந்த வைத்தியர் ஒருவரின் நேர்ப்பார்வையில் இருந்த குழந்தைகளே. 1924இல் அமெரிக்காவின் ஸிட்னி ஹாஸ் வாழைப்பழப் பத்தியத்தால் குழந்தைகளைத் தேற்றியபோதும், பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்கே போயிற்று. அந்தப் பத்தியத்தில் ரொட்டி இடம் பெறாததை எவரும் பொருட்படுத்தவில்லை.

பகைவனை இனங்கண்டவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கெ. ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணி புரிந்த அவருக்கு, யுத்தத்துக்கு முன்பே, 1930களில், கோதுமையின் மேல் சந்தேகம் விழுந்திருந்தது. 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால் மேற்கு ஹாலந்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஜனங்கள் டூலிப் மலர்ச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரெல்லாம் மெலிந்த அந்நாட்களில், ரொட்டி கிடைக்காத சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள் என்றும், ரொட்டி திரும்பி வந்தபோது அவர்களுடைய நோயும் திரும்பியது என்றும் கூறுவார்கள். இக்கதை மிகவும் பிரசித்தமானது. ஆயினும் டிக்கெயின் முடிவுக்கு ஆதாரம் அந்தப் பஞ்சம் மட்டுமன்று. யுத்தத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் பல ஆண்டுகள் பொறுமையோடு அவர் எழுதி வைத்த குறிப்புகளே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டின் உயிர்நாடி.

அவருக்குத் துணை நின்ற ரசாயன நிபுணர் வான் டெ காமர், குழந்தைகளின் மலத்தில் உள்ள கொழுப்பை அளக்கத் துல்லியமான முறை ஒன்றை வகுத்தார். உண்ட கொழுப்பில் எவ்வளவு உடலில் சேர்ந்தது, எவ்வளவு வீணாக வெளியேறியது என்று கணக்கிட்டால் குடலின் ஸ்திதி எண்ணாக வந்துவிடும். கோதுமை மாவைக் கொடுத்தால் வீணாகும் கொழுப்பு ஏறியது. கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்தை மட்டும் கொடுத்தால் ஏறவில்லை. அதன் புரதமாகிய குளூட்டனைக் கொடுத்தால் ஏறியது. மலத்தை நிறுப்பது அருவருப்பான வேலைதான். ஆயினும் குழந்தையின் முகத்தையும் தாயின் வார்த்தையையும் விட்டுவிட்டு அதைத் தராசில் வைத்த அந்த நாளில்தான் இந்நோய்க்குப் பொய் சொல்லாத முதல் சாட்சி கிடைத்தது. விரைவில் வேறொரு சாட்சியும் வந்தது. 1954இல் இங்கிலாந்தின் பாலி, அறுவைச் சிகிச்சையில் எடுத்த குடற் பகுதியில், உணவின் சத்தைக் கிரகிக்கும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் சிதைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் மார்கட் ஷைனரும் கிராஸ்பியும் கத்தியின்றி, வாய் வழியாகக் குழாயையோ சிறு கூட்டையோ செலுத்திக் குடலின் துணுக்கை எடுக்கும் உபாயங்களைக் கண்டார்கள்.

கோதுமையின் இந்தப் புரதம் ஏன் இப்படிப்பட்ட பகையாகிறது என்பதை விளங்கிக்கொண்டாலன்றி, ஒரு சிட்டிகை மாவு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பது விளங்காது. பிசைந்த கோதுமை மாவை ஓடும் நீரில் அலசினால் மாச்சத்து கரைந்தோடிய பிறகு கையில் மிஞ்சும் பசையே குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை அந்தரத்தில் வீசி விரித்தாலும் அது கிழியாமல் நீள்வது இப்பசையின் பலத்தினால். நாம் உண்ணும் மற்றப் புரதங்களை வயிற்றின் நொதிகள் அமினோ அமிலங்களாகத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. குளூட்டனிலோ புரோலின், குளூட்டமின் என்னும் இரு அமிலங்கள் மிதமிஞ்சி இருப்பதால் நொதிகளின் வெட்டு பல இடங்களில் விழுவதில்லை. 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைதன் கோஸ்லாவின் குழுவினர், இரைப்பை நொதிக்கும் கணைய நொதிக்கும் குடற்சுவரின் நொதிக்கும் தப்பி முழுதாக எஞ்சும், 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைக் காட்டினார்கள். இத்துண்டு எல்லாருடைய வயிற்றிலும்தான் மிஞ்சுகிறது. உங்களுக்கும் எனக்கும் அதனால் ஒரு தீங்கும் இல்லை.

தீங்கு நேர்வதற்கு வேறு இரண்டு காரணங்கள் கூட வேண்டும். குடற்சுவரில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்றொரு நொதி உண்டு. காயங்களை ஆற்றுவது முதலிய நல்ல காரியங்களுக்காக இருப்பது அது. அந்த நொதி குளூட்டன் துண்டிலுள்ள குளூட்டமின் சிலவற்றைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்னும் மரபுக்கூறுகளைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களின் அணுக்களில், இவ்வாறு மாறிய துண்டு கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. அதை டி அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் பகைவன் என்று கண்டு போர் தொடுக்கின்றன. 1997இல் பெர்லினில் டீட்ரிஷ், ஷூப்பான் முதலியோர், நோயாளிகளின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் அந்த நொதியையே குறி வைக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். இன்று வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனை அக்கண்டுபிடிப்பின் பயன். மரபுக்கூறு மட்டும் இருந்தால் போதாது. ஜனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது உண்டு, நோயோ உலகில் நூற்றுக்கு ஒருவருக்கே வருகிறது. மற்றவர்கள் தப்பிக்கும் காரணம் முழுவதும் இன்னும் புலனாகவில்லை.

போர் தொடுத்த டி அணுக்களில் ஒரு பகுதி போர் முடிந்த பின்பும் மடிவதில்லை. பல்லாண்டுகள் பத்தியத்தில் இருந்தவர்களின் இரத்தத்திலும் குடலிலும் அதே அணுக்களின் வாரிசுகளை நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பழைய புரோநோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வட்டிக்கடைக்காரர் இருபது வருஷம் கழித்தும் கடன்காரனின் முகத்தை மறவாதது போல, இந்த அணுக்களும் குளூட்டனை மறப்பதில்லை. கோதுமை மீண்டும் வந்தவுடன் அவை சில மணி நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பத்தியத்திலிருந்த நோயாளிகளுக்குக் குளூட்டன் கொடுத்துவிட்டு அடுத்த சில மணி நேரத்தில் இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தபோது, டி அணுக்கள் எழுப்பும் அபாயக் குரலாகிய இன்டர்லூக்கின்-2 என்னும் பொருள் நான்காம் மணி நேரத்தில் உச்சத்தை எட்டியிருந்தது. அது அதிகம் ஏறியவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் அதிகம். பல்லாண்டுகளாக, சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்தது என்று சொன்ன நோயாளிகளை, இவ்வளவு விரைவில் வர நியாயமில்லையே என்று ஐயுற்ற வைத்தியர்கள் இருந்தார்கள். அந்த நோயாளிகள் சொன்னது மெய்யாக இருந்திருக்கிறது.

அப்படியானால் சரீரத்தின் சாட்சியத்தை நம்பலாம் அல்லவா என்று வாசகர் கேட்கக்கூடும். வாந்தி போன்ற கடுமையான குறி தோன்றும்போது ஓரளவு நம்பலாம். மற்ற நேரங்களில் நம்பக் கூடாது. வயிறு உப்புதல், சோர்வு, தலைபாரம், மூளை மந்தமாகத் தோன்றுதல் முதலிய குறிகளுக்குக் காரணங்கள் எண்ணற்றவை. குளூட்டன் சேர்க்காத போலி உணவைக் கொடுத்துச் சோதித்தபோதும் நோயாளிகளில் சிலர் இவ்வுபாதைகளைக் கூறியிருக்கிறார்கள். அவர்களைக் கற்பனைக்காரர் என்று சொல்லிவிடுவது அநியாயம். ஆண்டுக்கணக்கில் அஞ்சி அஞ்சி உண்டவர்களின் வயிறு அச்சத்துக்கே சுருண்டுகொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. கோதுமையில் குளூட்டனைத் தவிர ஃபிரக்டன் என்னும் ஒருவகை மாவுப்பொருள் இருக்கிறது. அது சிலருக்கு வாயுவை உண்டாக்கும். அதே ஃபிரக்டன் வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். சின்ன வெங்காயம் நிறையப் போட்ட சாம்பாரைச் சாப்பிட்டு வயிறு உப்பிய நோயாளி, சமைத்தவர் கோதுமையைக் கலந்துவிட்டார் என்று வீட்டில் ஒரு பூசலையே கிளப்பிவிட முடியும். கலகம் செய்த வெங்காயம் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி அளவுக்கு வருவோம். கோதுமை மாவின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம். அப்புரதத்தில் பெரும்பகுதி குளூட்டன். ஆகவே ஒரு கிராம் மாவில் 80 முதல் 100 மில்லிகிராம் வரை குளூட்டன் இருக்கும் என்று கொள்ளலாம். 30 கிராம் மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் அது ஏறத்தாழ மூன்று கிராம். இத்தாலியில் கடாஸியும் அவருடைய சகாக்களும், 2007இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பத்தியத்தில் நன்கு தேறியிருந்த 49 பேருக்கு நாள்தோறும் ஒரு கூட்டு மாத்திரையை 90 நாள் கொடுத்தார்கள். சிலருடைய மாத்திரையில் 50 மில்லிகிராம் குளூட்டன், சிலருடையதில் 10 மில்லிகிராம், மற்றவர்களுடையதில் ஒன்றுமில்லை. எவருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் தெரியாது. 50 மில்லிகிராம் உண்டவர்களின் குடலுறிஞ்சிகள் அந்த மூன்று மாதத்தில் தேய்ந்திருந்தன. அது ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. 10 மில்லிகிராம் உண்டவர்களிடம் பொதுவாகக் கேடு காணப்படவில்லை. ஆயினும் அவர்களுள் ஒருவர் நோய் முற்றி ஆராய்ச்சியிலிருந்தே விலக நேர்ந்தது. அந்த ஒருவரை நான் மறப்பதில்லை. சராசரி என்பது ஜனங்களைப் பற்றிய உண்மை. நோயாளி ஒவ்வொருவரும் தனிப் பிரகிருதி.

உணவுப் பொட்டலத்தின் மேல் குளூட்டன் இல்லாதது என்று அச்சிடுவதற்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதித்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். எல்லையைத் தொட்டு நிற்கும் பண்டமேயானாலும், அதை அரைக் கிலோ தின்றால்தான் 10 மில்லிகிராம் உள்ளே போகும். இந்தக் கணக்கில் அச்சிட்ட எழுத்து போதிய பாதுகாப்பே. ஆபத்து எழுத்தில்லாத இடங்களில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்நோய் அபூர்வம். 20,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே நூற்றுக்கு 0.10 பேருக்கும் இந்நோய் இருந்தது. மரபுக்கூறு இரு பகுதியினருக்கும் ஏறத்தாழச் சமம். வேற்றுமை தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கே 25 கிராம். சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் இராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றிக்கொண்டுவரும் இக்காலத்தில் இந்த வேற்றுமை எத்தனை நாள் நிற்குமோ. அரிசிச் சோறும் இட்லியும் தோசையும் உண்ணும் நாட்டில் இந்நோயாளிக்குப் பத்தியம் சுலபமல்லவா என்று எண்ணத் தோன்றும். பண்டங்கள் சுலபம், மனிதர்கள் கடினம். பஞ்சாபில் உணவு விடுதிக்காரர் ஒருவர் இந்நோயின் பெயரைக் கேட்டிருக்க இடமுண்டு. இங்கே, "கோதுமை சேர்த்திருக்கா?" என்று கேட்டால், "இல்லீங்க சார், ரவை தோசைதான்" என்று பரிமாறுபவர் மனமறிந்து பொய் சொல்லாமலே கூறுவார். ரவை, மைதா, சேமியா, திருநெல்வேலி அல்வா எல்லாம் ஒரே தானியத்தின் வேஷங்கள் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கேழ்வரகு தோசையே ஆனாலும், பரோட்டா போட்டெடுத்த அதே கல்லில் வார்த்தால் கல்லில் ஒட்டிய மாவு அதனோடு வரும். பாலில் கலக்கும் மால்ட் பானம் முளைகட்டிய பார்லியால் ஆனது. சோயா சாஸில் கோதுமையும் சேர்ந்தே புளிக்கிறது. கோபி மஞ்சூரியனின் மொறுமொறுப்பில் மைதாவுக்குப் பங்குண்டு. மாத்திரைகளிலும் சிலவற்றில் கோதுமையின் மாச்சத்து கட்டுப்பொருளாகச் சேர்ந்திருக்கும்.

இவற்றுள் பெருங்காயம் தனியே கவனிக்கத்தக்கது. கலப்பற்ற பெருங்காயப் பால் சகிக்க முடியாத காரம் உடையதாகையால், அதோடு கருவேலம் பிசினையும் ஏதேனும் ஒரு மாவையும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். சட்டமும் அதை அனுமதிக்கிறது. அந்த மாவு சிலவற்றில் அரிசி மாவு, பலவற்றில் மைதா. இதைக் கேட்ட நோயாளிகள் சிலர் திகிலடைந்து, தாம் இதுவரை உண்ட ரசத்தையெல்லாம் எண்ணி ஏங்குவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு சிட்டிகைத் தூள் கால் கிராம் என்று கொள்வோம். அதில் பாதி மைதாவானால் குளூட்டன் பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும். ஐந்து பேர் உண்ணும் ஒரு பாத்திரம் ரசத்தில் ஒருவர் பங்குக்கு இரண்டு. ஒரு வேளைக்கு அது அற்பம். ஆனால் காலைச் சட்டினி தாளிப்பிலும் பகல் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் ஊறுகாயிலும் அத்தூளே விழுந்து, அப்படியே வருஷம் முழுவதும் நடந்தால், கடாஸியின் மாத்திரையை நாம் வீட்டிலேயே தயாரித்தவர்களாவோம். அரிசி மாவில் கட்டிய பெருங்காயம் கடையில் கிடைக்கிறது. பரிகாரம் அவ்வளவு எளிது.

அதைவிடப் பெரிய அபாயம் தெருமுனை மாவு மில். தானியம் அரைத்து முடிந்த பின்னும் இயந்திரத்தின் வயிற்றில் ஓரளவு மாவு தங்கிவிடும் என்பது மில்லுக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும்; மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரிசியைக் கொட்ட யாரும் சம்மதிப்பதில்லை. கோதுமைக்கு மட்டும் அந்த ஜாக்கிரதை கிடையாது. முந்தியவர் அரைத்த கோதுமையில் பத்து கிராம் நம் கேழ்வரகோடு கலந்தாலும் அதில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைய குளூட்டன் இருக்கும்; இரண்டு கிலோ கேழ்வரகு மாவில் அது சட்ட எல்லையைப்போல் இருபது மடங்குக்கு மேல். பெருங்காயத்துக்கு அஞ்சி ரசத்தைத் துறந்தவர், மில்லில் அரைத்த கேழ்வரகுக் கூழைப் பயமின்றிக் குடிப்பது நான் கண்டிருக்கும் விபரீதங்களுள் ஒன்று. வீட்டுச் சமையலறையைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையும் இப்படித்தான் எதிர்பார்ப்பைப் புரட்டியது: எல்லாரும் அஞ்சிய பொது ரொட்டி வாட்டியில் வாட்டிய குளூட்டனற்ற ரொட்டியில் குளூட்டன் எல்லையைத் தாண்டவில்லை, கோதுமைப் பாஸ்தா வெந்த நீரிலேயே குளூட்டனற்ற பாஸ்தாவை வேகவைத்தபோது தாண்டியது.

வழிபாட்டு இடத்திலும் இந்தச் சங்கடம் புகும். கத்தோலிக்கத் திருப்பலியில் வழங்கும் அப்பம் கோதுமையாலேயே ஆக வேண்டும் என்பது திருச்சபையின் விதி. 2003இல் வத்திக்கானிலிருந்து வந்த கடிதம், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த அளவு உள்ளது செல்லும் என்று தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிளைட் என்ற ஊரிலுள்ள பெனடிக்டின் கன்னியர், கோதுமை மாச்சத்தைக் கொண்டு அத்தகைய மெல்லிய அப்பத்தைச் செய்ய நெடுநாள் முயன்று வெற்றி கண்டனர். சட்டத்தின் எழுத்தும் குடலின் நியாயமும் சமரசமாகிய அபூர்வ இடங்களுள் அது ஒன்று.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் எத்தனை பேர் அறியாமல் உண்கிறார்கள்? கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில் பத்தியத்தில் தேர்ந்த 18 பேர், தாம் உண்ட ஒவ்வொன்றிலும் கால் பங்கை எடுத்து வைத்து, தம் சிறுநீரையும் மலத்தையும் சேர்த்து ஆராய்ச்சியாளரிடம் சில நாட்கள் ஒப்படைத்தார்கள். அவர்களுள் 12 பேரிடம் குளூட்டனின் தடயம் அகப்பட்டது. வெட்டுப்படாத அந்தப் பிடிவாதத் துண்டுகளில் சிறு பகுதி சிறுநீரோடு வெளியேறுவதை எதிர்ப்பொருள் கொண்டு கண்டுபிடிக்கும் இம்முறை ஒரு விசித்திரமான சாட்சி. ஒரு நாள் இரண்டு நாளுக்கு முன் உண்டதை மட்டுமே அது அறியும், அதற்கு முந்திய எதையும் அறியாது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளோ நேர்மாறானது. அது ஏறவும் இறங்கவும் மாதங்கள் பிடிப்பதால், நேற்று நடந்த விபத்தை அதனிடம் கேட்பதில் பயனில்லை. ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு அனுப்பிவிட்டு, பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லையே என்று நிம்மதி அடைவது அடிக்கடி நடக்கும் தவறு.

உண்டுவிட்டோம் என்று உறுதியானால் செய்யத்தக்கது மிகச் சொற்பம். மாற்று மருந்து இல்லை. வாந்தியும் பேதியும் கண்டால் நீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்வது, அன்றைக்கு எளிய ஆகாரம், மறுவேளை முதல் பழைய பத்தியம். வலிந்து வாந்தி எடுப்பதோ பட்டினி கிடப்பதோ குடலுக்கு உதவாது. குடலின் மேற்பரப்பு அணுக்கள் சில நாட்களுக்கொரு முறை புதிதாகத் தோன்றுபவையாகையால், ஒற்றை விபத்தின் வடு நிலைப்பதில்லை. அடுத்தடுத்து நேரும் சிறு விபத்துக்களே குணத்தைத் தள்ளிப் போடுகின்றன. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையின் கணக்குப்படி, பத்தியம் தொடங்கிய வயதுவந்தோரில் இரண்டு ஆண்டில் குடல் முழுதும் ஆறியவர்கள் நூற்றுக்கு 34 பேர். ஐந்து ஆண்டில் 66 பேர். மற்றவர்கள் பலரும் நலமாகவே உணர்ந்தவர்கள். ஆகையால் உபாதை ஒன்றுமில்லை என்ற காரணத்துக்காக வருஷாந்தரப் பரிசோதனையைத் தவிர்ப்பது, நம்பத்தகாத அதே சாட்சியிடம் மறுபடியும் போய் நிற்பதாகும். உபாதை வந்த நாளில் உண்டது, உண்ட இடம், தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, நாலைந்து குறிப்புகள் சேர்ந்ததும் மில்லோ பெருங்காயமோ தானே வெளிப்பட்டுவிடுவதுண்டு.

கடைகளில் குளூட்டனைச் செரிக்கும் நொதி என்று சில மாத்திரைகள் விற்கின்றன. அவற்றுள் ஒன்று கறுப்புப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து எடுத்தது. இரைப்பையில் இருக்கும்போதே குளூட்டனில் ஒரு பகுதியை அது வெட்டுவது மெய்தான். எஞ்சும் பகுதி எவ்வளவு என்பது உண்ட அளவையும் உடன் உண்ட பண்டங்களையும் பொறுத்தது. அதை நம்பிப் பத்தியத்தைத் தளர்த்த எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். இதனினும் ஆழமான முயற்சி ஒன்று ஷூப்பான் முதலியோருடையது. தாம் 1997இல் அடையாளம் காட்டிய டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியையே தடுத்துவிட்டால், குளூட்டன் துண்டு உருமாறாது, டி அணுக்களும் அதை எளிதில் கண்டுகொள்ளா என்பது அவர்கள் யுக்தி. அத்தகைய மருந்தொன்றைக் கொடுத்து, நோயாளிகளை நாள்தோறும் மூன்று கிராம் குளூட்டன் ஆறு வாரம் உண்ணச் செய்தபோது, வெற்று மாத்திரை உண்டவர்களின் குடல் தேய்ந்த அளவு மருந்துண்டவர்களின் குடல் தேயவில்லை என்று 2021இல் அறிவித்தார்கள். மூன்று கிராம் என்பது ஒரு முழுச் சப்பாத்தி. அறியாமல் ரசத்தோடு போகும் அளவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். இந்த மருந்தின் உத்தேசமும் சப்பாத்திக்கு அனுமதி வழங்குவதாக இல்லை. பத்தியத்தில் இருப்பவர் பந்தியில் தம்மையறியாமல் உண்ணும் சொற்ப மாவிலிருந்து அவருடைய குடலைக் காப்பதாகவே இருக்கிறது. நெடுநாள் உண்டால் அந்த நொதியின் மற்ற நல்ல வேலைகளுக்கு இடையூறு நேருமா என்பதையும் சேர்த்து, இன்னும் பெரிய பரிசோதனைகளில் அது தேற வேண்டும்.